கூனனை முதலில் பறக்க விடுங்கள்: சிமுலேட்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் உலகப் போரின் மத்திய தரைக்கடல் போர்முனையை விமான சிமுலேட்டர் விளையாட்டாகக் கணினித் திரைக்குக் கொண்டுவந்திருக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, உங்கள் மால்டா வரைபடத்தின் முதல் மிஷனைத் திறந்தேன். தேதி 1940 ஜூன் 11. முந்தைய நாள் மாலைதான் முசோலினி போர் அறிவித்திருந்தார். விடிந்து ஏழு மணி ஆவதற்குள் சிசிலியிலிருந்து புறப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் தீவின் மேல் வந்துவிட்டன. எதிர்த்து நிற்க அங்கே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கிளாடியேட்டர்கள். காலாவதியாகிக்கொண்டிருந்த இரட்டை இறக்கை விமானங்கள். அவற்றில் ஒன்றில் ஏறி, மூச்சிரைக்க உயரம் பிடித்து, வடக்கே திரும்பிப் பார்த்தேன். புள்ளிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அருகில் வந்ததும் இறக்கையில் கறுப்புச் சிலுவை தெரிந்தது. யுங்கர்ஸ் 88, ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம்.

ஜெர்மானிய விமானப்படை சிசிலிக்கு வந்து இறங்கியது 1940 முடிந்து 1941 பிறக்கும் தறுவாயில். அதுவரை ஆறு மாதங்களுக்கும் மேலாக மால்டாவின் மேல் குண்டு போட்டது இத்தாலி மட்டுமே. உங்களிடம் இத்தாலியக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாததால், கையில் இருந்ததை எடுத்து அங்கே நிறுத்திவிட்டீர்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரை மணையில் உட்கார வைத்த கதைதான். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலின் நிறத்துக்காக நீங்கள் எத்தனை மாதம் உழைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடலின் மேல் பறந்தவர்கள் யார் என்பதில் இத்தனை அலட்சியம் ஏன் என்பதுதான் புரியவில்லை.

இப்போது இத்தாலிய விமானங்களைச் சேர்க்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். எவற்றைச் சேர்க்கலாம் என்று எங்களையே கேட்டும் இருக்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். மாக்கி சி.205 வெல்ட்ரோ, ஃபியட் ஜி.55 சென்டௌரோ, ரெஜ்ஜானே ரெ.2005 சஜித்தாரியோ. மூன்றும் சண்டை விமானங்கள், மூன்றும் அழகிகள். மூன்றிலும் டைம்லர்-பென்ஸ் 605 எஞ்சின், 20 மில்லிமீட்டர் பீரங்கி. இணையத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்தது 1943 செப்டம்பர் 8 அன்று. சி.205 மொத்தமே 262 தயாரானது. அது முதன்முதலாகப் பறந்ததே 1942 ஏப்ரலில். ஜி.55 அன்றுவரை படைக்கு வந்து சேர்ந்தது சில டஜன். ரெ.2005 எல்லாம் சேர்த்தே ஐம்பதைத் தொடவில்லை. மறுபக்கம், சவோயா-மார்கெட்டி எஸ்.எம்.79 குண்டுவீச்சு விமானம் ஆயிரத்து இருநூறுக்கும் மேல். ஃபியட் சி.ஆர்.42 சண்டை விமானம் ஏறத்தாழ 1,800. இத்தாலி அந்தப் போரில் வேறு எந்த விமானத்தையும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யவில்லை. மேலே சொன்ன மூன்று அழகிகளையும் சேர்த்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டால், 1940 முதல் 1943 வரை நடந்த போரில் கடைசிச் சில மாதங்களை மட்டும் எங்களுக்கு விற்கிறீர்கள் என்று பொருள். அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று. எவ்வளவு வேகமாகப் பறந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை நாள் பறந்தது என்று கேளுங்கள்.

அந்த அளவுகோலை வைத்தால் முதல் இடம் எஸ்.எம்.79க்குத்தான். போட்டியே கிடையாது.

இது குண்டு போடப் பிறந்த விமானம் அல்ல என்பதிலிருந்தே அதன் சுவை தொடங்குகிறது. அலெசாண்ட்ரோ மார்கெட்டி இதை எட்டுப் பயணிகள் செல்லும் வேக விமானமாக வடிவமைத்தார். 1934இல் லண்டனிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த பந்தயத்துக்கு என்று திட்டம்; ஆனால் பந்தய நாளுக்குள் தயாராகவில்லை. பின்னால் ராணுவம் எடுத்துக்கொண்டது. 1937இல் இஸ்த்ரே–டமாஸ்கஸ்–பாரிஸ் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் எஸ்.எம்.79களே பிடித்தன. உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டம். மேலே தகடும் மரப்பலகையும் துணியும். இறக்கை மரம். மூன்று எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 780 குதிரைசக்தி ஆல்ஃபா ரோமியோ 126. அந்த எஞ்சினின் மூலம் பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவன வடிவமைப்பு என்பது ஒரு வேடிக்கை. எந்தக் கப்பல்களை மூழ்கடிக்கக் கிளம்பினார்களோ, அந்த நாட்டின் எஞ்சின் வம்சத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மூக்கில் எஞ்சின் உட்கார்ந்துவிட்டதால் குண்டு குறிபார்ப்பவருக்கு அங்கே இடமில்லை. அவரை வயிற்றுக்குக் கீழே தொங்கும் ஒரு தொட்டிலில் வைத்தார்கள். விமானிகளின் தலைக்குப் பின்னால் முதுகில் ஒரு திமில் எழுப்பி, அதில் 12.7 மில்லிமீட்டர் பிரேதா-சஃபாத் துப்பாக்கிகளை வைத்தார்கள். ஒன்று முன்னால் நோக்கிப் பொருத்தியது, விமானியே சுடுவது. மற்றொன்று பின்னால் சுடுவது. அந்தத் திமிலால்தான் அதற்குச் 'சபிக்கப்பட்ட கூனன்' என்று பெயர் வந்தது. அதிகாரபூர்வப் பெயர் ஸ்பார்வியெரோ, அதாவது வல்லூறு. வல்லூறு என்பது காகிதத்தில் இருந்தது. கூனன் என்பது வாயில் இருந்தது.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. முதலாவது, குண்டுகள். இந்த விமானத்துக்குள் குண்டுகள் படுத்திருக்காது, செங்குத்தாக நிற்கும். உடம்பின் நடுவே ஆள் நடக்க இடம் விட்டு, குண்டறையை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். நின்றுகொண்டிருந்த குண்டு விழும்போது முதலில் குட்டிக்கரணம் அடித்துப் பிறகுதான் தலைகீழாகும். குறி தவற அதுவும் ஒரு காரணம். உங்கள் யுங்கர்ஸ் குண்டின் கணக்கை அப்படியே நகலெடுத்து இதில் ஒட்டிவிட்டால், நான் மூன்றாவது குண்டிலேயே கண்டுபிடித்துவிடுவேன். எனக்காவது வயதாகிவிட்டது, இன்னும் கூர்மையான பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, டார்பிடோ. இதற்காகத்தான் இந்த விமானத்தைக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1940 ஜூலையில் கொரீட்சியாவில் டார்பிடோ விமானங்களுக்கெனச் சிறப்புப் பிரிவு ஒன்றை அமைத்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று லிபியாவின் எல் ஆதெம் தளத்திலிருந்து கிளம்பி அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தைத் தாக்கினார்கள். அந்த முதல் தாக்குதல் தோல்வி. அடுத்த மாதமே கென்ட் என்ற பிரிட்டிஷ் குரூசர் கப்பல் டார்பிடோ பட்டுச் செயலிழந்தது. அக்டோபரில் லிவர்பூல். டிசம்பரில் கிளாஸ்கோ. கார்லோ எமானுவேலே புஸ்கால்யா என்ற பெயர் இத்தாலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. 1942 நவம்பரில் அல்ஜீரியக் கரையில் சுட்டு வீழ்த்தப்பட்டு, இறந்துவிட்டார் என்று நாடே நம்பி, பிறகு உயிரோடு திரும்பி, 1944 ஆகஸ்டில் நேச நாடுகளின் பக்கம் நின்று அமெரிக்கத் தயாரிப்பான பால்டிமோர் விமானம் ஒன்றில் விபத்துக்குள்ளாகி மாண்டார். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டார்கள்.

டார்பிடோ ஓட்டத்தின் நெஞ்சு பதைப்பை எங்களுக்குத் தர உங்களுக்கு அதிகம் தேவையில்லை. கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும். கடலிலிருந்து நூறு மீட்டருக்கும் கீழே, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், நேராக, ஆடாமல் அசையாமல் போக வேண்டும். டார்பிடோ நீரில் 40 நாட் (மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 700 மீட்டர் தொலைவில் விட்டால் கப்பலை அடைய அதற்கு 34 விநாடி. 25 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் அந்த 34 விநாடியில் 440 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது கப்பலைக் குறி வைக்கக் கூடாது. கப்பலுக்கு முன்னால் வெறும் தண்ணீரைக் குறி வைக்க வேண்டும். கப்பலில் இருக்கிற எல்லாத் துப்பாக்கியும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதுவும் இல்லாத தண்ணீரின் மேல் நம்பிக்கை வைத்து நேராகப் போவது எப்படியிருக்கும்? கப்பல் தலைவன் மனம் மாறிச் சுக்கானைத் திருப்பினால் எல்லாம் வீண். இந்த அனுபவத்தை எந்தச் சண்டை விமானமும் தராது. ஐந்து பேர் குழுவில் ஒவ்வொருவர் இடத்திலும் உட்கார்ந்து பார்க்க வழிசெய்யுங்கள். குறிப்பாகப் பக்கவாட்டு ஜன்னல் துப்பாக்கிக்காரர் இடம்: கப்பலின் மேல் பறந்து கடக்கும் அந்த இரண்டு விநாடியில் கப்பலை அருகில் பார்ப்பவர் அவர்தான்.

கூனனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'சேர்க்கத் தகுதியானது' என்று நான் சொல்வது அதற்கு மாலை போட அல்ல. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937 ஏப்ரல் 26 அன்று குவெர்னிகா நகரின் மேல் குண்டு போடப் பறந்தவற்றில் மூன்று எஸ்.எம்.79களும் இருந்தன. 1938 மார்ச்சில் பார்சிலோனா மக்கள்மேல் மூன்று நாள் குண்டு பொழிந்ததும் இத்தாலிய விமானங்களே. விமானத்தோடு வரும் கையேட்டில் பந்தய வெற்றிகள் ஒரு பக்கம் என்றால், இவையும் ஒரு பக்கம் இருக்கட்டும். வாலில் வெள்ளைச் சிலுவையைத் துல்லியமாக வரைகிறவர்கள் இதையும் துல்லியமாக எழுதலாம்.

இரண்டாவது இடம் எனக்குச் சி.ஆர்.42 ஃபால்கோ. இங்கேதான் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "1940இல் ஸ்பிட்ஃபயர் பறக்கும்போது இரட்டை இறக்கையா?" என்கிறார்கள். ஆமாம், இரட்டை இறக்கைதான். செலஸ்டினோ ரோசாட்டெல்லி வடிவமைத்து 1938 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது. திறந்த காக்பிட், மணிக்கு 430 கிலோமீட்டர் சொச்சம், மடக்க முடியாத சக்கரங்கள். உலகம் முன்னேறிக்கொண்டிருந்தபோது இத்தாலி இதைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தது. அது மடமைதான், அந்த மடமையோடு பறந்தவர்களின் போர்தான் நிஜப் போர். 1940 நவம்பர் 11 அன்று பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச் பக்கம் கிளம்பிய இத்தாலியப் படையில் இவையும் போயின. ஒன்று ஆர்ஃபர்ட்னெஸ் கடற்கரையில் இறங்கி, ஏறக்குறைய முழுதாகவே பிரிட்டிஷார் கையில் சிக்கியது. அவர்கள் அதை ஓட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். அதே விமானம் இன்றும் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவெடுக்க ஆளனுப்பினால் போதும். தரவு இல்லை என்ற சாக்கு இதற்குச் செல்லாது.

ஃபால்கோவின் உண்மையான வீடு கிழக்கு ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் சூயஸுக்கு அப்பால் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன, கடல்வழி அடைபட்டிருந்தது. அங்கே விமானம் தீர்ந்தபோது, எஸ்.எம்.82 என்ற பெரிய சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் சி.ஆர்.42ஐப் பிரித்துப் போட்டு, லிபியாவிலிருந்து பாலைவனத்தின் மேல் பறந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தச் சரக்கு விமானத்துக்குக் கங்காரு என்று பெயர். இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்ததில்லை. ஏறத்தாழ ஐம்பது விமானம் இப்படிப் போனது. மரியோ விசின்டினி, இரண்டாம் உலகப் போரில் இரட்டை இறக்கை விமானத்தில் மிக அதிக வெற்றி பெற்றவர்களில் முன்னணியில் நிற்பவர், அங்கேதான் பறந்தார். 1941 பிப்ரவரி 11 அன்று, கெட்ட வானிலையில் வழி தவறிய தன் கூட்டாளிகளைத் தேடிப் போய், மலையில் மோதி இறந்தார்.

எனக்கு அந்தப் போர்முனைமேல் தனிப் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை. 1941 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எரித்திரியாவின் கெரன் மலைகளில் ஏறிச் சண்டையிட்டவை இந்திய ராணுவத்தின் 4, 5ஆம் டிவிஷன்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவினரும் அங்கே இருந்தார்கள். பாறையை வெட்டிப் பாதை போட்ட கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு. அவர்கள் அண்ணாந்து பார்த்தபோது தெரிந்த விமானங்கள் இவைதாம். அந்த வரைபடத்தை இப்போதே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. விமானமாவது இருக்கட்டும், வரைபடத்தை ஆர்வலர்கள் யாராவது ஒரு நாள் செய்வார்கள்.

மூன்றாவது மாக்கி. ஆனால் நீங்கள் நினைக்கும் மாக்கி அல்ல. சி.202 ஃபோல்கோரேயை ஏற்கெனவே தந்துவிட்டீர்கள், அதற்கு நன்றி. அதில் ஒரு திருத்தம் கேட்கிறேன், ஒரு அண்ணனையும் கேட்கிறேன்.

திருத்தம் இது. மரியோ காஸ்டோல்டி இந்த விமானத்தின் இடது இறக்கையை வலது இறக்கையைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமாக வைத்தார். புரொப்பெல்லர் சுழலும் வேகம் விமானத்தை ஒரு பக்கமாகத் திருகப் பார்க்கும். அதை ஈடுகட்ட அந்தப் பக்கம் சற்று அதிகமாகத் தூக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. பந்தயக் கடல் விமானங்களில் ஊறிய மனிதர் அவர். 1934 அக்டோபரில் அவருடைய எம்.சி.72 மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பிஸ்டன் எஞ்சின் கடல் விமானங்களில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் கணக்குப் போட்டு வைத்த 20 சென்டிமீட்டரை நீங்கள் சமப்படுத்தியிருக்கிறீர்கள். மேலிருந்து படம் எடுத்து, இரு பக்கமும் அளந்து பார்த்தேன். இரண்டு இறக்கையும் ஒரே அளவு! இதைச் செய்தவர் அது பழைய வரைபடத்தில் இருந்த பிழை என்று நினைத்திருப்பாரோ என்னவோ. பிழை அல்ல. திருப்பி நீட்டுங்கள். நீட்டினால், ஒரு பக்கமாகப் புரளப் பார்ப்பதை இப்போது வலிந்து தடுக்க வேண்டியிருக்கிற இடைஞ்சலும் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் கருணை காட்டாதீர்கள். மூக்கில் இரண்டே இரண்டு 12.7 மில்லிமீட்டர். பின்னால் வந்தவற்றில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சின்னத் துப்பாக்கி சேர்த்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்க விமானத்தின் ஆறு துப்பாக்கிக்கு முன் அது ஒன்றுமில்லை. எங்கள் சர்வரில் இளைஞர்கள் இதற்கு அதிக வலு கேட்டுப் புலம்புகிறார்கள். கொடுத்துவிடாதீர்கள். காக்பிட்டில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மிச்சக் குண்டைக் காட்டும் எண்பலகை ஒன்று உண்டு, பார்த்திருக்கிறீர்களா? மெதுவாகக் குறைந்துகொண்டு வரும் அந்த எண்தான் ஃபோல்கோரே விமானியின் போர். அருகில் போ, இன்னும் அருகில் போ, சுடு, எண்ணைப் பார், விலகு.

அண்ணன் என்று கேட்டது சி.200 சயெட்டா. ஃபோல்கோரே வருவதற்கு முன் மால்டாவின் மேலும் வட ஆப்பிரிக்காவிலும், 1941 ஆகஸ்டிலிருந்து உக்ரைன் சமவெளியிலும்கூட இதுதான் உழைத்தது. மூடிய காக்பிட்டோடு வந்ததை, காற்றும் பார்வையும் வேண்டும் என்று விமானிகளே வேண்டாம் என்றார்கள். திறந்த காக்பிட் ஆக்கிக் கொடுத்தார்கள். முதலில் வந்தவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம்: இறுக்கித் திருப்பினால் சட்டென்று புரண்டு சுழலில் விழும். இறக்கையின் குறுக்கு வடிவத்தை மாற்றித்தான் அதைத் தீர்த்தார்கள். திருத்திய வடிவத்தையும் திருத்தாத வடிவத்தையும் தனித்தனியாகத் தாருங்கள். திருத்தாததை நான் ஓட்டுவேன்.

உங்கள் வேலைப்பளு எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் எஞ்சின் பக்கமாக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஃபியட் ஏ.74 என்ற ஒரே எஞ்சினை ஒழுங்காகச் செய்துவிட்டால் சி.ஆர்.42, சி.200, இன்னும் வேண்டுமென்றால் ஃபியட் ஜி.50 என மூன்று விமானம் கைக்கு வந்துவிடும். எஸ்.எம்.79க்குச் செய்யும் ஆல்ஃபா 126 எஞ்சினே, நான் அடுத்துக் கேட்கப்போகும் கடல் விமானத்துக்கும் பொருந்தும். ஃபோல்கோரேயின் எஞ்சின் ஜெர்மானிய டைம்லர்-பென்ஸ் 601இன் உரிமத் தயாரிப்பு. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே எஞ்சினில் ரெஜ்ஜானேயின் ரெ.2001 சண்டை விமானமும் பறந்தது. நேர்மையாகச் சொன்னால், இந்த வாதம் அந்த மூன்று அழகிகளுக்கும் பொருந்தும்; 605 எஞ்சினும் உங்கள் கிடங்கில் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன்.

ரெ.2001ஐப் பெயருக்குச் சொல்லவில்லை. 1942 ஆகஸ்ட் 12. மால்டாவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோன பெடஸ்டல் கப்பல் வரிசை. பதினான்கு சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் போய்ச் சேர்ந்தன. அன்று இரண்டு ரெ.2001கள், தரையிறங்க வரும் பிரிட்டிஷ் ஹரிக்கேன்கள்போலவே விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை நெருங்கின. கப்பலில் இருந்தவர்கள் நம் ஆட்கள் என்று நினைத்தார்கள். தளத்தின் மேல் குண்டு போட்டாயிற்று. குண்டு வெடிக்காமல் சிதறிப்போனது. அதே நாளில் ஆளில்லாமல் வானொலியால் இயக்கி, வெடிமருந்து நிரப்பிய எஸ்.எம்.79 ஒன்றையும் அனுப்பினார்கள். அதைத் தரையிலிருந்து கிளப்பிக் கொடுத்த விமானி பாராசூட்டில் குதித்துவிட்டார், வானொலி கைவிட்டது, கூனன் தன்பாட்டுக்குப் பறந்து போய் அல்ஜீரியாவில் எங்கோ ஒரு மலையில் விழுந்தான். அன்று மாலை வழக்கமான, ஆள் இருந்த எஸ்.எம்.79 விட்ட டார்பிடோ ஃபோர்சைட் என்ற நாசகாரிக் கப்பலின் கதையை முடித்தது. ஒரே நாளில் மூன்று மிஷன். கற்பனை செய்யவே வேண்டாம்.

கடைசியாக அந்தக் கடல் விமானம். கான்ட் இசட்.506 ஐரோனே, ஐரோனே என்றால் நாரை. மரத்தாலானது, மூன்று எஞ்சின், இரண்டு பெரிய மிதவைகள். கண்காணிப்பு, கடலில் விழுந்தவர்களை மீட்பது என்று மெதுவான வேலைகள். யாரும் வாங்க மாட்டார்கள் என்பீர்கள். 1942 ஜூலை 28 அன்று கிரேக்கக் கரையோரம் பிரிட்டிஷ் பியூஃபர்ட் விமானம் ஒன்று சுடப்பட்டுக் கடலில் விழுந்தது. ரப்பர்ப் படகில் மிதந்த நால்வரையும் ஒரு இசட்.506 நீரில் இறங்கி எடுத்துக்கொண்டது. இரவு நன்றாக உபசரித்தார்கள். மறுநாள் காலை டராண்டோவுக்குக் கைதிகளாகக் கொண்டுபோக இன்னொரு இசட்.506இல் ஏற்றினார்கள். நடுவானில் கைதிகள் காவலரை மடக்கித் துப்பாக்கியைப் பிடுங்கி, விமானத்தை மால்டாவுக்குத் திருப்பச் சொன்னார்கள். சரியான வரைபடம் இல்லை, எரிபொருள் குறைவு. ஒருவழியாக மால்டா தெரிந்தபோது, எதிரி விமானம் வருகிறது என்று சொந்த ஸ்பிட்ஃபயர்களே சுடத் தொடங்கின. நீரில் இறக்கி, வெள்ளைத் துணியை ஆட்டி, படகு வந்து இழுத்துப் போகக் காத்திருந்தார்கள். இந்த மிஷனை நீங்கள் செய்து, சுடுகிற ஸ்பிட்ஃபயரில் என்னை உட்கார வைத்தாலும் சரி, சுடப்படுகிற நாரையில் உட்கார வைத்தாலும் சரி, கேட்கிற விலையைக் கொடுத்து வாங்குகிறேன்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கப்ரோனி-கம்பினி என்ற ஆரம்பகால ஜெட்டைக் கேட்பவர்கள் இருப்பார்கள். 1940 ஆகஸ்டில் பறந்தது உண்மை. பிஸ்டன் போர்விமானங்களைவிட மெதுவாகப் பறந்தது என்பதும் உண்மை. போரில் கால் வைக்கவில்லை. நான்கு எஞ்சின் பியாஜியோ 108, விரல்விட்டு எண்ணும் அளவு, பிறகு பார்க்கலாம். பிரேதா 88 லின்ச்சே மட்டும் வேண்டும், ஆனால் பறக்க வேண்டாம். 1937இல் வேகச் சாதனை படைத்த விமானம் அது. போருக்கான சுமையையும் பாலைவன மணல் வடிகட்டியையும் மாட்டியதும் மேலெழவே திணறியது; 1940 முடிவதற்குள் உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கிவிட்டு, எதிரியை ஏமாற்ற ஓடுதளத்தின் ஓரம் நிறுத்திவிட்டார்கள். உங்கள் லிபிய விமானத்தளங்களில் அதைத் தரைப் பொம்மையாக நிறுத்துங்கள். குண்டு போட்டுப் போகிறோம்.

அளவெடுக்க எங்கே போவது என்று கேட்டால்: ரோமுக்கு வடக்கே பிராச்சியானோ ஏரிக்கரையில் விக்னா தி வாலே அருங்காட்சியகத்தில் எஸ்.எம்.79, சி.200, சி.202 மூன்றும் இருக்கின்றன. ட்ரெண்டோவில் இன்னொரு எஸ்.எம்.79. இரண்டு கூனர்களும் இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பது, போருக்குப் பின் லெபனான் வாங்கிச் சரக்கு ஏற்றி ஓட்டியதால்தான். அமெரிக்காவில் சி.202 ஒன்று வாஷிங்டனில், சி.200 ஒன்று டேட்டனில். டேப்பை எடுத்துக்கொண்டு போகிறவர் இடது இறக்கையை முதலில் அளக்கட்டும்.

எல்லாம் வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பது தெரியும். அதுவரை ஜூன் 11 மிஷனிலிருந்து அந்த யுங்கர்ஸை எடுத்துவிடுங்கள். கிளாடியேட்டரில் ஏறி, வெறும் வானத்தைச் சுற்றிவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல ஆண்டுகளாக உங்கள் விமானங்களைக் கடலில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்

பி.கு.: இத்தாலியக் குழுவினருக்குக் குரல் பதியும்போது தயவுசெய்து இத்தாலியர்களையே பேச வையுங்கள். இப்போது ஃபோல்கோரேயில் போகும்போது, பக்கத்து ஃபோல்கோரேயில் பறக்கும் என் கூட்டாளி, எதிரியைப் பார்த்ததும் ஜெர்மன் மொழியில் கத்துகிறான்.